கேள்வி – பதில்: மதிப்பெண்ணில் பெற்றோரின் பங்கு எவ்வளவு?

கேள்வி: என் மகன் இங்கே ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கிறான். சென்ற ஆண்டு வரை நன்றாகப் படித்தவன், அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 80க்கு 31 வாங்கியிருக்கிறான். இரவு பத்து மணி வரை அருகில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்ய வைப்பவள் நான்தான். “நீ சொல்லிக்கொடுத்த லட்சணம் இதுதானா?” என்கிறார் என் கணவர். பெற்றோர் சந்திப்பில் ஆசிரியை, “கவனம் போதாது” என்று இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொண்டார். தவறு எங்களுடையதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மயூர் விஹார், டெல்லி

பதில்: இவ்வளவு விவரமாக எழுதிய நீங்கள், விடைத்தாளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. தவறு யாருடையது என்பதைவிட, மீதி 49 மதிப்பெண் எங்கே போயிற்று என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். அதை விடைத்தாள் மட்டுமே சொல்லும். முக்காலையும் அரையையும் கூட்டச் சொன்ன இடத்தில், மேலெண்களைத் தனியாகவும் கீழெண்களைத் தனியாகவும் கூட்டி 4/6 என்று எழுதியிருக்கிறானா? அப்படியானால், கூட்டிய பிறகு விடை முக்காலைவிடக் குறைந்துவிட்டதே என்பது அவனுக்கு உறைக்கவில்லை. பின்னம் என்பதே இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். வழிமுறை எல்லாம் சரியாக இருந்து, கடைசி வரியில் கழித்தல் மட்டும் தவறியிருந்தால், அது பயிற்சிக் குறைவு. வாக்கியக் கணக்குகளை மட்டும் தொடாமல் விட்டிருந்தால், அதே கணக்கைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். சட்டென்று போட்டுவிட்டான் என்றால், அவனுக்கு இடறுவது கேள்வியின் ஆங்கிலமே தவிரக் கணக்கு அல்ல. டியூஷன் வைத்தாலும் அது தீராது. இந்த மூன்றையும் ‘கவனம் போதாது’ என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுவது பள்ளிக்கு வசதியாக இருக்கலாம், உங்களுக்குப் பயன்படாது.

இரவு பத்து மணி விஷயத்துக்கு வருகிறேன். அவன் தயங்கும்போதெல்லாம் நீங்கள் அடுத்த படியை எடுத்துக் கொடுத்துவிடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன், ஏனென்றால் களைத்துப்போன பிள்ளையின் அருகில் உட்காரும் எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள். விளைவு, மறுநாள் ஆசிரியையின் மேஜைக்குப் போகும் நோட்டில் பிழையே இருப்பதில்லை. பையனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்து அவர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார். தெரியாத கணக்கை அவன் போட்டவரையில் அப்படியே விடட்டும். ‘இதுவரை வந்தான், இதற்கு மேல் வரவில்லை’ என்று ஓரத்தில் எழுதி நீங்கள் கையெழுத்திடுங்கள். கற்றுக்கொடுக்க வேண்டியவர் ஆசிரியை. எங்கே தடுக்கிறது என்று அவருக்குக் காட்ட வேண்டியவர் நீங்கள்.

பெற்றோரை முறையாகச் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பது ஆசிரியரின் கடமை என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 24ஆம் பிரிவில் சொல்கிறது. ஆகவே விடைத்தாளோடு போய், தனியாக நேரம் கேளுங்கள். அது சலுகை கேட்பது ஆகாது. போகும்போது கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். குறை சொல்லும் உரிமையை எடுத்துக்கொண்டவர், விடைத்தாளைப் புரட்டும் வேலையில் மட்டும் ஒதுங்கி நிற்பது சரியல்ல.

கேள்வி: என் மகள் கேந்திரிய வித்யாலயாவில் ஐந்தாம் வகுப்பு. எட்டாம் வகுப்பு வரை ஃபெயில் கிடையாது என்று நிம்மதியாக இருந்தோம். இப்போது மாறிவிட்டது என்கிறார்களே?
– வாசகர், ஆர்.கே.புரம், டெல்லி

பதில்: ஆம். 2019இல் கல்வி உரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 டிசம்பரில் மத்திய அரசு அதற்கான விதிகளை வெளியிட்டது. ஐந்திலும் எட்டிலும் ஆண்டுத் தேர்வில் தேறாதவர்களுக்கு, முடிவு வந்த இரண்டு மாதங்களுக்குள் மறுதேர்வு உண்டு. அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பில் நிறுத்தப்படுவார்கள். ஆனால் தொடக்கக் கல்வி, அதாவது எட்டாம் வகுப்பு, முடியும் வரை பள்ளியை விட்டு அனுப்ப முடியாது. நிறுத்திவைக்கப்பட்ட பிள்ளைக்கு மட்டுமின்றி, தேவைப்பட்டால் பெற்றோருக்கும் வகுப்பாசிரியர் வழிகாட்ட வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. அந்த நிலை வரும்வரை காத்திருக்காமல், இந்தப் பருவத்தின் விடைத்தாள்களோடு இப்போதே அவரைப் போய்ப் பாருங்கள்.