முகமூடி 1,994, வீட்டு எடைமேடை 1,590: எதை நம்புவது?

நண்பரே, ஓய்வில் உங்கள் உடல் ஒரு நாளில் செலவழிக்கும் கலோரி, முகமூடி மாட்டி மூச்சை அளக்கும் சோதனையில் 1,994 என்றும் வீட்டு எடைமேடையில் 1,590 என்றும் வந்ததாகக் கேட்டிருந்தீர்கள். இரண்டையும் அப்படியே நம்ப வேண்டாம். எடைமேடை உங்கள் கலோரி செலவை அளக்கவே இல்லை. எடை, வயது போன்றவற்றைச் சூத்திரத்தில் போட்டுக் கணக்கிட்டுச் சொல்கிறது. 34 வயது, 72 கிலோ, 170 செ.மீ. என்றீர்கள். ஓய்வுக் கலோரியைக் கணக்கிட 1990-இல் வந்த மிஃப்லின் சூத்திரத்தில் நான் போட்டுப் பார்த்தேன்: சுமார் 1,618. இந்தியர்களுக்குச் சூத்திரங்கள் கொஞ்சம் தூக்கலாகக் காட்டுவதும் உண்டு.

முகமூடிச் சோதனை நிஜமான அளவீடுதான். ஆனால் வேளச்சேரியில் பறக்கும் ரயிலை விட்டு இறங்கி, ஃபில்டர் காபி குடித்து, மூன்று மாடி ஏறிப் போய் உடனே உட்கார்ந்தால் அது ஓய்வா?

உங்கள் ரிப்போர்ட்டிலேயே துப்பு இருக்கிறது. நிமிடத்துக்கு ஆக்சிஜன் 270 மி.லி., கார்பன் டை ஆக்சைடு 290 மி.லி. கார்பன் டை ஆக்சைடை ஆக்சிஜனால் வகுத்தால் 1.07. ஓய்வில் இது பொதுவாக 0.7-க்கும் 1-க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஒன்றைத் தாண்டினால் பெரும்பாலும் பதற்றத்தில் வேகமாக மூச்சு வாங்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். (முதல்முறை முகமூடி மாட்டியபோது எனக்கும் மூச்சு முட்டியது.)

காலையில் வெறும் வயிற்றில் மறுபடி போங்கள். காபி, சிகரெட், முந்தின நாள் ஜிம் எதுவும் கூடாது. அரை மணி நேரம் தூங்காமல் படுத்திருங்கள்; ஏசி குளிரில் நடுங்கவும் கூடாது. முதல் 5 நிமிட அளவைத் தள்ளிவிடச் சொல்லிக் கேளுங்கள். அப்போதும் நாளுக்கு நாள் 50, 60 கலோரி ஏறி இறங்கும், அதற்காக இட்லியைக் குறைக்காதீர்கள்.