அம்மா நினைவாக 30,000 வெள்ளி: தோட்டத்துப் பெண்களுக்கு எப்படிக் கொடுப்பது?

கேள்வி: நான் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன், வயது 58, தனியார் கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். அம்மா பால்மரம் வெட்டித்தான் எங்களை ஆளாக்கினார். அவர் நினைவாகத் தோட்டத்துப் பெண்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் உதவ இபிஎஃப்-இல் (ஊழியர் சேம நிதியில்) இருந்து 30,000 வெள்ளி எடுக்கலாமா? தீபாவளிக்கு அரிசி, எண்ணெய், புடவை கொடுக்கலாம் என்கிறாள் தங்கை.

பதில்: அக்கா, அந்த 30,000 அங்கேயே இருக்கட்டும். வயதான காலத்தில் மருத்துவச் செலவு எப்படி வரும் என்று தாதியாக இருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லாப ஈவை மட்டும் வருஷா வருஷம் எடுத்துக் கொடுங்கள். 2024-க்கு இபிஎஃப் 6.3 விழுக்காடு கொடுத்தது, உங்கள் தொகைக்கு 1,890 வெள்ளி. எல்லா வருஷமும் இவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது, வழக்கமான (ஷரியா அல்லாத) சேமிப்புக்கு உத்தரவாதம் 2.5 விழுக்காடுதான், அதாவது 750 வெள்ளி. அதனால் யாருக்கும் வாக்குக் கொடுக்கும்போது இந்த 750-ஐ மனதில் வைத்துக் கொடுங்கள்.

அரிசி மூட்டை நானும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். ஒரு வீட்டில் மூட்டையை வாங்கிக்கொண்ட அக்கா அடையாளக் கார்டை எடுக்கப் பர்ஸைத் திறந்தார், உள்ளே நாலாக மடித்த அடகுச் சீட்டு. மகள் இடைநிலைப்பள்ளியில் படிவம் நான்குக்குப் போகும்போது சங்கிலியை வைத்தாராம், இன்னும் மீட்கவில்லை. அரிசி மாதக் கடைசியில் தீர்ந்துவிடும், வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து நான் பார்ப்பது ஒன்றுதான்: கொடுக்கிற காசு அந்தப் பெண்ணின் சொந்தப் பெயரில் போய்ச் சேருகிறதா?

முதலில் பெர்கேசோ என்கிற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் இல்லத்தரசிகள் பாதுகாப்புத் திட்டம். 2022 டிசம்பரில் வந்தது, 55 வயதுக்குக் கீழே உள்ள பெண்ணுக்கு வருஷம் 120 வெள்ளி. வீட்டில் வழுக்கி விழுந்து கை போனாலும், நோயில் முடங்கினாலும் அவருக்குப் பணம் வரும், இறந்துவிட்டால் குடும்பத்துக்கு ஓய்வூதியம் உண்டு. உங்கள் 750-இல் ஆறு பேருக்குக் கட்டலாம், 1,890 வந்தால் பதினைந்து பேருக்கு.

தங்கையும் காசு போட்டால் அடுத்தது, அந்தப் பெண்கள் பெயரிலேயே இபிஎஃப். இ-காசிஹ் என்கிற அரசாங்கத்தின் ஏழைக் குடும்பப் பட்டியலில் உள்ள பெண், இபிஎஃப்-இன் ஐ-சூரி திட்டத்தில் 600 வெள்ளி போட்டால் அரசாங்கம் 300 சேர்க்கிறது. நாசி லெமாக் விற்பவர், துணி தைப்பவர் என்றால் சொந்தத் தொழில் செய்பவர்களுக்கான ஐ-சாரான், அதில் 2025-இல் போட்ட காசுக்கு அரசாங்கம் சேர்த்தது 20 விழுக்காடு, வருஷத்துக்கு 500 வரை. குத்தகைக்காரரிடம் செம்பனை உதிரிப்பழம் பொறுக்குபவருக்கு மட்டும் நீங்கள் கட்டாதீர்கள், அது முதலாளி கட்ட வேண்டிய காசு, முதலில் அதைக் கேட்டு வாங்க அவருக்குத் துணையாகப் போங்கள்.

பெண்பிள்ளைகளுக்கு எஸ்எஸ்பிஎன் கல்விச் சேமிப்பு போதும், 20 வெள்ளியில் திறக்கலாம். திறக்கும்போது அம்மா பெயரில் திறக்கச் சொல்லுங்கள். அப்புறம், சீட்டு பிடித்து நிதி சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம், மலாயில் குத்து என்பார்களே, 1971-லேயே சட்டம் போட்டுத் தடுத்தது அது.

உங்கள் ஊர்க்காரர், அன்று அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பால்மரம் வெட்டியவர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிச் சொந்தப் பெயரில் பங்கு வாங்கினார்கள். அம்மாவின் பழைய பெட்டியில் அந்தச் சங்கத்தின் காகிதம் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் சங்கத்தில் கேளுங்கள்.

பெண்களை இபிஎஃப் அலுவலகத்துக்குக் கூட்டிப் போகிற அன்றே வாரிசு நியமனத்தையும் முடித்துவிடுங்கள், மகளுடைய அடையாளக் கார்டு நம்பரை எழுதிக் கொண்டு வரச் சொல்லுங்கள்.