வீட்டில் தண்ணீர் லீக் சென்சார்: எதை வாங்குவது, எங்கே வைப்பது?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் அம்மா அப்பா மட்டும் இருக்கும் தனி வீடு. போர் தண்ணீர், கார்ப்பரேஷன் தண்ணீர் இரண்டும் உண்டு. எல்லாம் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறித்தான் வீட்டுக்குள் வருகிறது. ராத்திரி ஆர்.ஓ. டியூப் கழன்று, காலையில் பார்த்தால் சிங்க் அடியிலிருந்த பிளைவுட் அலமாரி முழுக்க ஊறிப்போயிருந்தது. நான் வெளியூரில் இருக்கிறேன். லீக் சென்சார் வாங்கி வைக்கலாமா? எந்த மாதிரி?

வாங்கலாம். ஆனால் இந்தக் கருவிகளைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் யோசனைகளில் பெரும்பாலானவை, தரை எப்போதும் காய்ந்திருக்கிற, குழாயில் எப்போதும் அழுத்தம் இருக்கிற வெளிநாட்டு வீடுகளுக்கானவை. நம் பாத்ரூம் தரை நாள் முழுக்க ஈரம். வீட்டைத் தினமும் துடைக்கிறோம். தண்ணீர் மேலே இருந்து தன் எடையில் இறங்குகிறது. இந்த மூன்றையும் யோசிக்காமல் வாங்கினால் ஒரு வாரம் கத்திக்கொண்டே இருக்கும். எட்டாம் நாள் உங்கள் அம்மா பேட்டரியைக் கழற்றி டிராயரில் போட்டுவிடுவார். அவர் மேல் தப்பில்லை.

கருவியின் உள்ளே பெரிய வித்தை ஒன்றுமில்லை. அடியில் இரண்டோ நான்கோ உலோகப் புள்ளிகள் இருக்கும். தண்ணீர் இரண்டு புள்ளிகளையும் சேர்த்துத் தொட்டால் மிகச் சிறிய மின்னோட்டம் ஓடும், உடனே அலாரம் அடிக்கும். தண்ணீரில் உப்பு அதிகமாக இருந்தால் மின்சாரம் நன்றாகக் கடக்கும். நம் பக்கத்து போர் தண்ணீரில் உப்புக்குப் பஞ்சமில்லை, ஆகவே அதற்குப் பிரச்சினையே வராது. வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீரையும் பெரும்பாலான கருவிகள் கண்டுபிடித்துவிடும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் மட்டும் கிட்டத்தட்ட காய்ச்சி வடித்த நீர் மாதிரி. மலிவான சில கருவிகள் அதில் நனைந்தும் பேசாமல் கிடக்கும். எந்த இடத்தில் வைக்கப் போகிறீர்களோ அந்த இடத்துத் தண்ணீரை ஒரு ஸ்பூன் ஊற்றிப் பார்த்து வாங்குங்கள். பெட்டியில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம்.

பாத்ரூம், துணி துவைக்கும் இடம், பின்கட்டு ஆகியவற்றில் வைக்கவே வேண்டாம். எப்போதும் காய்ந்திருக்க வேண்டிய, ஆனால் பக்கத்தில் தண்ணீர்க் குழாய் ஓடுகிற இடங்கள்தான் இதற்குச் சரி. உங்கள் வீட்டில் முதல் இடம் சிங்க் அடி அலமாரி. அடுத்தது இன்வெர்ட்டரும் பேட்டரியும் இருக்கும் மூலை, அதன் பக்கத்துச் சுவரில் குழாய் போகிறது என்றால். வாஷிங் மெஷின் வீட்டுக்குள்ளே காய்ந்த தரையில் இருந்தால் அதன் பின்பக்கம். பரணிலோ ஃபால்ஸ் சீலிங் மேலேயோ கெய்சர் இருந்தால் அங்கே ஒன்று. ஆனால் கெய்சர் சூடேறும்போது சேஃப்டி வால்வில் நாலு சொட்டு வருவது இயல்பு. அந்த வால்வுக்கு ஒரு சிறு டியூப் போட்டு வெளியே விட்ட பிறகுதான் சென்சார் வைக்க வேண்டும். மொத்தம் மூன்று போதும். பத்து வாங்கிப் பரப்புவது வீண்.

வைக்கும் முறைதான் முக்கியம், நிறையப் பேர் கோட்டை விடுவதும் இங்கேதான். சிங்க் அடி அலமாரி 60 செ.மீ அகலம், 50 செ.மீ ஆழம் என்று வையுங்கள். அந்தப் பரப்பில் 1 மி.மீ உயரத்துக்குத் தண்ணீர் நிற்க 300 மி.லி வேண்டும். அதற்குள் பிளைவுட்டின் ஓரம் தண்ணீரை உறிஞ்ச ஆரம்பித்துவிடும். தண்ணீர் வேறு மூலைக்கு ஓடினால் சென்சாருக்குத் தெரியவே தெரியாது. அதற்குப் பதில் 30-க்கு 20 செ.மீ அளவில் விளிம்பு உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டை ஆர்.ஓ. இணைப்புகளுக்கு நேர் கீழே வைத்து, சென்சாரை அதற்குள் போடுங்கள். இப்போது 1 மி.மீ-க்கு 60 மி.லி போதும், அதாவது கால் தம்ளர்கூட வேண்டாம். தட்டின் ஒரு பக்கத்துக்கு அடியில் மடித்த அட்டையைச் செருகிச் சாய்த்து, தாழ்ந்த மூலையில் சென்சாரை வைத்தால் இன்னும் சீக்கிரம் கத்தும். எவர்சில்வர் தட்டு மட்டும் வேண்டாம். உலோகப் புள்ளிகள் இரண்டும் தட்டைத் தொட்டால் காய்ந்திருக்கும்போதே அலாரம் அடிக்கும்.

தட்டு வைக்க முடியாத இடத்தில் தரையின் வாட்டம் பாருங்கள். கால் தம்ளர் தண்ணீரைக் குழாய் இணைப்புக்குக் கீழே ஊற்றினால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியும். ஓடி நிற்கும் இடத்தில்தான் சென்சார், குழாய்க்கு நேர் கீழே இல்லை. நீளமாகச் சுவர் ஓரம் கண்காணிக்க வேண்டும் என்றால் கயிறு மாதிரி வரும் கேபிள் சென்சார் இருக்கிறது. 1 மீட்டர், 2 மீட்டர் நீளத்தில் எங்கே நனைந்தாலும் தெரியும். ஏசி தண்ணீர் சுவரோடு வழிந்து இறங்குவதால் அதற்குக் கேபிள்தான் பொருந்தும். ஆனால் வீடு துடைக்கும் ஈரத்துணி அதைத் தொடும். துடைக்கும் இடத்திலிருந்து விலகி, ஸ்கர்ட்டிங்கில் ஒரு விரல் உயரத்தில் கிளிப் போட்டு மாட்டுங்கள்.

இனி எந்த வகை என்பது. வெறும் அலாரம் மட்டும் அடிப்பவை சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். அப்பா அம்மா வீட்டிலேயே இருப்பதால் இவையே போதும் என்று தோன்றும். ஒரு சிக்கல்: இவற்றின் சத்தம் மெல்லிய கீச்சுக் குரல். வயதானவர்களுக்கு முதலில் குறைவது அந்தக் கீச்சுச் சத்தத்தைக் கேட்கும் திறன்தான். அலமாரிக் கதவு மூடியிருக்க, ஃபேன் ஓட, டிவியில் சீரியலும் ஓடினால் கேட்காது. வாங்கிய அன்றே சென்சாரை அலமாரிக்குள் வைத்துக் கதவை மூடி, தண்ணீர் விட்டு, அப்பாவைப் படுக்கையறையில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால், ஹாலில் தனியாகப் பிளக்கில் மாட்டும் மணியோடு வரும் வயர்லெஸ் மாடல் எடுக்கவும்.

நீங்கள் வெளியூரில் இருப்பதால் போனுக்குத் தகவல் வருவது ஒன்றாவது வேண்டும். வைஃபை சென்சார் நேரடியாக ரவுட்டரோடு பேசும், தனி ஹப் (சென்சாருக்கும் ரவுட்டருக்கும் நடுவே தகவல் கடத்தும் பெட்டி) வேண்டாம். ஆனால் பெரும்பாலானவை ரவுட்டரின் 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் வேலை செய்யும். பேட்டரியை மிச்சம் பிடிக்க எந்நேரமும் தூங்கிக்கொண்டிருந்து, நனைந்தால் மட்டும் எழுந்து ரவுட்டரைத் தேடும். அந்த நேரத்தில் ரவுட்டர் அணைந்திருந்தால் தகவல் வராது. ஜிக்பீ என்ற, மின்சாரம் குறைவாக இழுக்கும் வயர்லெஸ் முறையில் பேசும் சென்சாரின் பேட்டரி கூடுதல் நாள் வரும், ஆனால் அதற்கு ஹப் வாங்க வேண்டும், ஹப்புக்கும் மின்சாரம் வேண்டும். எதை எடுத்தாலும் ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றுவது முதல் வேலை. கரண்ட் போன ராத்திரிக்கு இல்லாத கருவி எதற்கு? போனில் தகவல் வந்தால் வீட்டுக்குப் போய்ப் பார்க்க ஒருவர் வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் தொட்டியின் கேட் வால்வு எது என்று காட்டி வைப்பது ஆப்பைவிட உதவும்.

உங்கள் ஆர்.ஓ. விஷயத்துக்கு வருகிறேன். ஒரு டியூப் கழன்றதற்கு இவ்வளவு தண்ணீரா என்று தோன்றியிருக்கும். பம்ப்புக்குப் பின்னால் இருக்கும் டியூப்தான் அழுத்தத்தில் பெரும்பாலும் கழலும். கழன்றதும் மெஷினின் டேங்க் நிறையாது. டேங்க் நிறையாததால் ஃப்ளோட் பம்ப்பை நிறுத்தாது. பம்ப் தொட்டித் தண்ணீரை இழுத்து அலமாரிக்குள் ஊற்றிக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு அரை லிட்டர் என்று வைத்தாலும் 8 மணி நேரத்தில் 240 லிட்டர். டியூப் கழல்வதற்கு ஒரு காரணம், கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டியது. முனை நேராக இருந்தால்தான், டியூப்பை அழுத்திச் செருகும் புஷ் கனெக்டரின் உள்ளே ரப்பர் வளையம் முழுதாகப் பிடிக்கும். பிளேடால் நேராக வெட்டி, அடி வரை அழுத்தி, லாக் கிளிப் போட்டு, ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். சர்வீஸ்காரர் கிளம்புமுன் இதைக் கேட்டுச் செய்ய வையுங்கள்.

இங்கே ஒரு மலிவான வழியும் உண்டு. ஆர்.ஓ.வுக்குள் தண்ணீர் வரும் வழியில் இருக்கும் சோலினாய்டு வால்வு, கரண்ட் இருந்தால் திறக்கும், இல்லாவிட்டால் மூடும். ஆகவே மெஷினை ஒரு ஸ்மார்ட் பிளக்கில் மாட்டி, சென்சார் நனைந்தால் பிளக் அணையும்படி ஆப்பில் அமைத்துவிட்டால் பம்ப்பும் நிற்கும், தண்ணீரும் நிற்கும். சென்சாரும் பிளக்கும் ஒரே ஆப்பில் வேலை செய்பவையாக இருக்க வேண்டும். ஒரு ஓட்டை இருக்கிறது: சோலினாய்டுக்கு முன்னால், அதாவது வெளியே மாட்டிய ப்ரீ ஃபில்டர் கிண்ணத்திலோ சுவர்க் குழாய் இணைப்பிலோ கசிந்தால் இது நிறுத்தாது. அந்தப் பக்கத்துக்கு, நனைந்தால் உப்பி டியூப்பை அடைக்கும் வில்லை உள்ள லீக் ஸ்டாப்பர் கிடைக்கிறது. மின்சாரம் வேண்டாம், ஒருமுறை வேலை செய்தால் வில்லையை மாற்ற வேண்டும். அதுவும் தனக்குப் பின்னால் போகும் டியூப்பைத்தான் அடைக்கும், எனவே சுவர் இணைப்பை ஒட்டியே மாட்டுங்கள்.

வீடு முழுவதற்கும், சென்சார் நனைந்தால் தானாக மூடும் வால்வு போடலாமா? போடலாம், ஆனால் சோலினாய்டு வால்வு வேண்டாம். சாதாரணமாகக் கிடைக்கும் பெரிய சோலினாய்டுகள் திறக்க ஓரளவு அழுத்தம் தேவை. தொட்டியிலிருந்து குழாய் 10 அடி கீழே இருந்தால் கிடைக்கும் அழுத்தம் 0.3 பார் (bar) தான், அதில் பாதிதான் திறக்கும், அல்லது திறக்கவே திறக்காது. மோட்டார் வைத்த பால் வால்வுதான் (உள்ளே துளையிட்ட உருண்டை திரும்பி மூடும் வகை) சரி. 12 வோல்ட் டிசி, முழுத் துவாரம், கையால் திருப்பும் குமிழ் உள்ளதாக எடுங்கள். குழாய் 1 அங்குலம் என்றால் வால்வும் 1 அங்குலம். அரை அங்குல வால்வு மலிவு என்று ரெடியூசர் போட்டால் ஷவரில் தண்ணீர் நூலாக இறங்கும்.

மாட்டும் இடம்: தொட்டி, கேட் வால்வு, பிறகு மோட்டார் வால்வு, அதன் பிறகே ஏர் பைப் டீ (காற்று போக மேல்நோக்கி நிற்கும் குழாய் பிரியும் இணைப்பு). ஏர் பைப்புக்குப் பின்னால் மாட்டினால் மறுபடி திறக்கும்போது உள்ளே சிக்கிய காற்று வெளியேற வழியில்லாமல் ஏர் லாக் ஆகும். வால்வு மூடிய பிறகும் இறங்கு குழாயில் நிற்கும் தண்ணீர் வடியும். முக்கால் அங்குல சிபிவிசியில் 10 மீட்டருக்கு ஏறக்குறைய 2.5 லிட்டர், அதற்கு பயப்பட வேண்டாம். இரண்டு பக்கமும் யூனியன் போடச் சொல்லுங்கள், பிறகு கழற்ற அறுக்க வேண்டியிருக்காது. வால்வின் மோட்டார் பெட்டிக்கு மேல் நிழல் மூடி கட்டாயம். கத்திரி வெயிலில் நம் ஊர் மொட்டைமாடி சுடும் சூட்டுக்கு மெல்லிய பிளாஸ்டிக் தாங்காது. தொட்டியிலிருந்து சமையலறைக்கு ஒரு லைன், பாத்ரூமுக்கு ஒரு லைன் என்று பிரிந்திருந்தால் ஒரு வால்வு ஒரு லைனைத்தான் காக்கும். சமையலறை லைனுக்கு மட்டும் போட்டாலே உங்கள் கவலையில் பெரும்பகுதி தீரும்.

சுவருக்குள் புதைந்த குழாய் கசிந்து ஓதம் அடித்தால் இந்த எந்தக் கருவிக்கும் தெரியாது. அதற்குத் தொட்டிதான் மீட்டர். ராத்திரி எல்லாக் குழாயையும் மூடி, ஆர்.ஓ.வை அணைத்து, மோட்டார் ஆட்டோவில் இருந்தால் அதையும் நிறுத்தி, தொட்டித் தண்ணீர் மட்டத்தை ஒரு குச்சியில் குறித்துவிட்டு, காலையில் யாரும் தண்ணீர் தொடுமுன் பாருங்கள். உள் விட்டம் 110 செ.மீ உள்ள உருளைத் தொட்டியில் 1 செ.மீ இறங்கினால் 9.5 லிட்டர் போயிருக்கிறது. பிரஷர் பம்ப் உள்ள வீட்டில் இந்தச் சிரமமும் வேண்டாம். யாரும் குழாய் திறக்காத நேரத்தில் பம்ப் தானாக ஓடி நின்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

மட்டம் இறங்கியிருந்தால் சுவரை உடைக்குமுன் ஃப்ளஷ் டேங்கைப் பாருங்கள். அதில் துணிக்குப் போடும் சொட்டு நீலம் பத்துத் துளி விட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் இருந்தால், கோப்பையில் நீலம் தெரிகிறதா இல்லையா என்பது சொல்லிவிடும். உப்புப் படிந்த வாஷர் சரியாக உட்காராமல் சத்தமே இல்லாமல் ஒழுகுவது நம் ஊர்த் தண்ணீருக்கு வெகு சாதாரணம்.

அதே உப்புதான் சென்சாரையும் கெடுக்கும். ஒருமுறை நனைந்து காய்ந்தால் உலோகப் புள்ளிகளுக்கு நடுவே வெள்ளையாகப் படியும். பிறகு மழைக்கால ஈரப்பதத்திலேயே கத்தும், அல்லது புள்ளிகள் மூடிப்போய் நனைந்தாலும் கத்தாது. எலுமிச்சைச் சாறு தொட்ட துணியால் துடைத்து, நல்ல தண்ணீரில் துடைத்து, காயவைத்து வையுங்கள். தமிழ் மாதப் பிறப்பன்று அம்மாவை ஈரத்துணியால் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம். மோட்டார் வால்வு போட்டிருந்தால் அதையும் அன்றே ஒருமுறை மூடித் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்புப் பிடித்து நின்ற இடத்திலேயே நின்றுவிடும். உங்கள் சென்சாருக்குப் பொருந்தும் பேட்டரி இரண்டை வாங்கி, சென்சார் இருக்கும் அலமாரிக் கதவின் உட்பக்கமே ஒட்டி வையுங்கள்.