கணினி கேள்வி–பதில்: மொய்ப் பட்டியலில் வரி இடைவெளி

கேள்வி: விசேஷ வீடுகளில் மொய் எழுத சி ஷார்ப்பில் ஒரு புரோகிராம் செய்திருக்கிறேன். பெயர், ஊர், தொகை எல்லாம் ரிச் டெக்ஸ்ட் பாக்ஸில் ஏறுகின்றன. ஆனால் வரிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. எந்தப் பிராப்பர்ட்டியை மாற்ற வேண்டும்?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: விண்ஃபார்ம்ஸின் (சி ஷார்ப்பில் விண்டோஸ் திரைகள் அமைக்கும் தொகுப்பு) ரிச் டெக்ஸ்ட் பாக்ஸில் வரி இடைவெளிக்கென்று பிராப்பர்ட்டியே கிடையாது. செண்ட்மெசேஜ் என்ற விண்டோஸ் ஃபங்ஷன் வழியாக 1095 என்ற எண்ணுள்ள செய்தியை அனுப்ப வேண்டும். கூடவே பாராஃபார்மேட்2 என்ற ஸ்ட்ரக்ட் (பத்தி அமைப்பு விவரங்களின் தொகுப்பு) போக வேண்டும்.

பலரும் தடுக்கி விழுவது இந்த ஸ்ட்ரக்டில்தான். அதன் அளவு சரியாக 188 பைட். டேப் நிறுத்தங்களுக்கான 32 எண்களின் அரேயை விட்டுவிட்டாலோ, ஒரே பைட் ஆன இடைவெளி விதியை இன்ட் என்று அறிவித்தாலோ கணக்கு தவறும். பிழைச் செய்தி எதுவும் வராது. திரையில் மாற்றமும் இருக்காது. எந்த விவரத்தை மாற்றுகிறோம் என்று சொல்லும் மாஸ்க்கில், வரி இடைவெளிக்கான 256-ஐப் போட மறந்தாலும் இதே கதைதான்.

இடைவெளி விதி 5 என்றால், இடைவெளி அளவாகக் கொடுக்கும் 20 என்பது ஒரு வரி. ஒன்றரை வரிக்கு 30. (வேர்டின் ஆர்டிஎஃப் கோப்பில் ஒரு வரி 240. குழப்பிக்கொள்ளாதீர்கள்.) விதி 4 துல்லிய அளவு, ட்விப்ஸ் என்ற நுண்ணலகில்: ஒரு பாயின்டுக்கு 20 ட்விப்ஸ். விதி 4-ஐ வைத்துவிட்டு 30 கொடுத்தால் ஒன்றரைப் பாயின்ட்தான் கிடைக்கும். வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும்.

மொய்ப் பட்டியலுக்கு விதி 4-தான் தோது. விதி 5-ல் ஆங்கிலத்தில் எழுதிய பெயர் வரும் வரி ஓர் உயரம், தமிழ் வரி வேறோர் உயரம் என்று ஆகலாம். ஆனால் அளவைக் குறைத்தால் ‘டீ’யின் மேல்சுழியும் ‘ஞு’வின் கீழ்வளைவும் வெட்டுப்படும். 12 பாயின்ட் நிர்மலா எழுத்துருவுக்கு 18 பாயின்டில், அதாவது 360-ல் தொடங்கிப் பாருங்கள்.

இன்னொன்று: தேர்வு செய்த பத்திக்கு மட்டுமே இது பொருந்தும். ஆகவே பட்டியலை முழுக்க ஏற்றிய பிறகு, எல்லாவற்றையும் தேர்வு செய்து அனுப்புங்கள். முதலில் அனுப்பிவிட்டுப் பிறகு ஆர்டிஎஃப் கோப்பை ஏற்றினால், அந்தக் கோப்பிலுள்ள இடைவெளியே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஏ4 தாளின் உயரம் 842 பாயின்ட். மேலும் கீழும் ஓர் அங்குலம் விட்டால் மிச்சம் 698. 18 பாயின்ட் வீதம் 38 வரி. பக்கக் கூட்டலுக்கு ஒன்றை ஒதுக்கினால் 37 பேர், யாருடைய ஊர்ப்பெயரும் அடுத்த வரிக்கு மடங்காதவரை.