மூன்றாவது குத்து ஏன் சேர்வதில்லை? – குத்துச்சண்டை கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காம்பினேஷன், அதாவது அடுத்தடுத்து விடும் குத்து வரிசை பற்றியவை. பதில்கள் எல்லாம் இடது காலை முன்னால் வைத்து நிற்பவர்களுக்கு எழுதியவை. இடது கைக்காரர்கள் பக்கத்தை மாற்றிப் படித்துக்கொள்ளவும். புதியவர்களுக்கு: ஜேப் முன்னால் இருக்கும் கையால் நேராக விடுவது, கிராஸ் பின்னால் இருக்கும் கையால் நேராக விடுவது, ஹூக் முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் விடுவது, அப்பர்கட் கீழிருந்து மேலே விடுவது. பேட் என்பது மாஸ்டர் கையில் பிடித்துக் குத்து வாங்கும் திண்டு, ஸ்பாரிங் என்பது பயிற்சிச் சண்டை, கார்டு என்பது முகத்தைக் காக்கத் தூக்கி வைத்திருக்கும் கைகள்.

பேட் அடிக்கும்போது ஜேப், கிராஸ், ஹூக், கிராஸ் நாலும் சரசரவென்று போகிறது. ஸ்பாரிங்கில் இரண்டாவது குத்தோடு முன்னால் சரிந்துவிடுகிறேன். ஹூக் காற்றில் போகிறது. கை வேகத்தைக் கூட்ட என்ன செய்யலாம்?
– கல்லூரி மாணவர், திருமங்கலம்

கை வேகம் போதும், கோளாறு காலில் இருக்கிறது. பேட் பிடிக்கும் மாஸ்டர் உங்கள் கை வரும் இடத்துக்குப் பேடைக் கொண்டுவந்து கொடுக்கிறார். எதிராளி கொடுக்க மாட்டார். ஜேப் பட்டதுமே அரை அடி பின்னால் போவார். அந்த அரை அடியை எட்டிப் பிடிக்க நீங்கள் தலையையும் தோளையும் நீட்டுகிறீர்கள். மூக்கு முன்கால் முட்டியைத் தாண்டிவிட்டால் காம்பினேஷன் அங்கேயே முடிந்தது. அதன்பின் வருவது வெறும் கைவீச்சு.

எடை எப்படிப் போய்வருகிறது என்று மெதுவாகச் செய்து பாருங்கள். ஜேப்புக்கு முன்கால் ஒரு சாண் நகரும். பாதம் தரையில் பதிவதும் குத்து படுவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். கிராஸுக்குப் பின்கால் குதிகால் வெளிப்பக்கம் திரும்பி, இடுப்பு சுழன்று, எடை முன்காலில் வந்து உட்காரும். அந்த எடைதான் ஹூக்குக்கு மூலதனம். முன்பாதத்தில் ஊன்றித் திரும்பினால் எடை பின்காலுக்குத் திரும்பும், அந்தத் திருப்பத்திலேயே ஹூக் கிளம்பும். பின்காலில் எடை ஏறிவிட்டதால் அடுத்த கிராஸ் தயாராக நிற்கும். இப்படி ஒவ்வொரு குத்தும் அடுத்த குத்துக்கு எடையை எடுத்து வைத்துவிட்டுப் போகிறவரைத்தான் தேர்ந்த காம்பினேஷன்காரர் என்று சொல்ல வேண்டும்.

உங்கள் விஷயத்தில் பின்கால் தங்கிவிடுகிறது என்றே தோன்றுகிறது. முன்கால் ஒரு சாண் போனால் கிராஸோடு பின்காலும் ஒரு சாண் வந்தாக வேண்டும். சோதித்துப் பார்க்க ஒரு துண்டுக் கயிறு போதும். சாதாரணமாக நிற்கும்போது முன்கால் குதிகாலுக்கும் பின்கால் கட்டைவிரலுக்கும் உள்ள இடைவெளியை அளந்து கயிற்றை வெட்டிக்கொள்ளுங்கள். நாலு குத்தும் விட்டு அப்படியே உறைந்து நில்லுங்கள். நண்பர் கயிற்றை வைத்துப் பார்க்கட்டும். எட்டவில்லை என்றால் கால் பின்தங்கியிருக்கிறது.

அடுத்த இரண்டு வாரம் வேகத்தை மறந்துவிடுங்கள். மூன்று நிமிட ரவுண்டு மூன்று, பாதி வேகத்தில். நண்பர் நினைத்த நேரத்தில் ‘நில்’ என்று சொல்லட்டும். எந்தக் குத்தில் நின்றாலும் அங்கிருந்து அடுத்த குத்தையும் விட முடிய வேண்டும், தலையையும் பின்னால் இழுக்க முடிய வேண்டும். எந்த இடத்தில் முடியவில்லையோ அந்த இடத்தில்தான் ஸ்பாரிங்கில் சரிகிறீர்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு எத்தனை காம்பினேஷன் கற்றுக்கொடுக்கலாம்? யூடியூபில் நூற்றுக்கணக்கில் இருக்கிறது.
– உடற்கல்வி ஆசிரியர், உசிலம்பட்டி

முதல் வருஷத்துக்கு ஐந்து போதும், அதற்கு மேல் வேண்டாம். எண் வைத்துச் சொல்லிக்கொடுங்கள், பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். ஜேப் 1, கிராஸ் 2, இடது ஹூக் 3, வலது ஹூக் 4, இடது அப்பர்கட் 5, வலது அப்பர்கட் 6.

முதலில் 1-2. அது படியும் வரை மற்றதைத் தொட வேண்டாம். அடுத்து 1-1-2. இதில் முதல் ஜேப் லேசாகப் போகும், எதிராளி என்ன செய்கிறார் என்று பார்க்க. இரண்டாவது அவர் கண்ணை மறைக்க. மூன்றாவதாக 1-2-3. கிராஸைத் தடுக்கக் கார்டு நடுவுக்கு வரும், ஹூக் அதைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் போகும். எதற்காக இந்த வரிசை என்று பிள்ளைக்குச் சொல்லாமல் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்யவைத்தால், எதிராளி கார்டை எங்கே வைத்திருந்தாலும் அதே வரிசையை அதே இடத்தில் அடித்துக்கொண்டிருக்கும்.

நாலாவது, 1-2 விட்டு, இடது ஹூக்கை விலாவுக்கும் உடனே அதே கையைத் தலைக்கும் விடுவது. ஈரல் வலது பக்க விலா எலும்புகளுக்குக் கீழே இருக்கிறது. நம் இடது கைக்கு நேர் எதிரே. அங்கே ஒன்று பட்டால் எதிராளியின் முழங்கை கீழே இறங்கும், காதோரம் திறந்துவிடும். விலாவுக்குப் போகும்போது முட்டியை மடக்கி இறங்க வேண்டும். இடுப்பை வளைத்துக் குனிகிற பிள்ளை முகத்தைக் கொண்டுபோய் அப்பர்கட்டுக்குக் கொடுக்கிறது. மடங்கிய முட்டி நிமிர்கிற வேகத்தில்தான் இரண்டாவது ஹூக்குக்குப் பலம் வரும்.

ஐந்தாவது 1-6-3-2. இதைக் கிட்டத்தில் மட்டுமே விட வேண்டும். தூரத்திலிருந்து வலது அப்பர்கட் விட்டால் கை கீழிருந்து வரும், கன்னம் காவலில்லாமல் கிடக்கும். அந்த இடத்துக்கு எதிராளியின் இடது ஹூக் தவறாமல் வரும்.

இன்னொன்று. எல்லாக் குத்தையும் முழுப் பலத்தில் விடச் சொல்லாதீர்கள். நாலில் ஒன்று கனமாக இருந்தால் போதும், மற்றவை கார்டை நகர்த்தத்தான். ஜப்பானின் நவோயா இனோவே 2023 ஜூலை 25 அன்று டோக்கியோவில் ஸ்டீபன் ஃபுல்டனோடு மோதிய சண்டையைப் பெரிய பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். தொடக்கத்திலிருந்தே வயிற்றுக்கு ஜேப் போய்க்கொண்டிருக்கும். எட்டாவது ரவுண்டில் அதே ஜேப். ஃபுல்டனின் கவனம் கீழே போன நொடியில் வலது கை தலைக்கு வருகிறது, தள்ளாடியவரை இடது ஹூக் கீழே தள்ளுகிறது. அந்த வலது கைக்கான வேலையை முந்தைய ஏழு ரவுண்டுகளின் ஜேப் செய்து வைத்திருந்தது.

ஆறு வருஷமாகச் சிலம்பம் ஆடுகிறேன். குத்துச்சண்டைக்கு அது உதவுமா, கெடுக்குமா?
– வாசகர், மேலூர்

பெரிதும் உதவும். சிலம்பக்காரருக்குக் காலடி இருக்கிறது, எதிராளியைச் சுற்றி வரும் கோணம் தெரியும். குத்துச்சண்டைக்கு வருகிற பலருக்கு வருஷக்கணக்கில் கைகூடாத விஷயம் அது. வசில் லோமசென்கோவைப் பாருங்கள். 2008 பெய்ஜிங், 2012 லண்டன் இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றவர். சிறுவயதில் அவர் தந்தை அவரை உக்ரைன் மரபு நடனம் கற்க அனுப்பினார். மூன்று குத்து விட்டு எதிராளியின் முன்காலுக்கு வெளியே அடி வைத்துத் திரும்பி, அவர் முகம் திருப்புவதற்குள் பக்கவாட்டிலிருந்து அடுத்த மூன்றை ஆரம்பிப்பார்.

மாற்றிக்கொள்ள வேண்டியவையும் உண்டு. சிலம்பத்தில் காலை மாற்றி வைத்து முன்னேறுவீர்கள். ரிங்கில் கால்கள் குறுக்கே வருகிற கணத்தில் ஒரு தட்டு விழுந்தாலும் உட்கார்ந்துவிடுவீர்கள். கம்பு பிடித்த கை இடுப்பு உயரத்தில் பழகியிருக்கும், அது கன்னத்துக்கு ஏற வேண்டும். கம்பு வீச்சுக்குத் தோள் விரியும், இங்கே தோள் மூடித் தாடையை மறைக்க வேண்டும்.

தாளத்தையும் கவனியுங்கள். சீரான தாளத்தில் வருகிற குத்தை எதிராளி மூன்று முறை பார்த்தால் நாலாவது முறை எண்ணிவிடுவார். பறையில் அடி ஒன்றைத் தாமதித்து விட்டால் கேட்பவர் உடம்பு அதற்குமுன்பே அசைந்துவிடுகிறது அல்லவா, அதேதான். 1-2 விட்டு, அரைக்கணம் நிறுத்தி, எதிராளி ‘முடிந்தது’ என்று கார்டைத் தளர்த்தும்போது 3 விடுங்கள். 2012 டிசம்பர் 8 அன்று நடந்த சண்டையில் பிலிப்பைன்ஸின் மேனி பாக்கியாவ் பழகிய தாளத்திலேயே பாய்ந்து உள்ளே வந்தார். எதிரே நின்ற மெக்சிகோவின் மார்க்கெஸ் அதற்குக் காத்திருந்து வலது கையை வைத்தார். ஆறாவது ரவுண்டின் கடைசி நொடியில் சண்டை முடிந்துபோனது.

அமெச்சூர் போட்டியில் நிறையக் குத்து விட்டால் நிறையப் புள்ளியா?
– வாசகர், வாடிப்பட்டி

இல்லை. கையுறையின் மொட்டிப் பகுதியால் (விரல் கணுக்கள் இருக்கும் இடம்), தலையின் முன்புறம், பக்கவாட்டு, இடுப்புப் பட்டைக்கு மேலே உடம்பின் முன்புறம், பக்கவாட்டு ஆகியவற்றில் தடையின்றிப் பட்டதுதான் கணக்கு. கார்டில் பட்ட பத்து குத்து பூஜ்யம். ரவுண்டை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9 அல்லது அதற்கும் கீழே. மூன்றே ரவுண்டு என்பதால் ஒவ்வொன்றின் கடைசி அரை நிமிடத்தில் சுத்தமான மூன்று குத்துக் காம்பினேஷன் ஒன்று நடுவர் கண்ணில் நிற்கும்.

வீட்டு வேப்பமரத்தில் மணல் மூட்டை கட்டி அடிக்கிறேன். நாலு குத்திலேயே மூச்சு வாங்குகிறது, மணிக்கட்டும் வலிக்கிறது.
– வாசகி, வண்டியூர்

மணலை இன்றைக்கே கொட்டிவிடுங்கள். நாலு நாள் தொங்கினால் மணல் கீழே இறுகிக் கல்லாகிவிடும், விலாவுக்கு விடுகிற ஹூக் நேராக அந்தக் கல்லில்தான் விழும். தையல் கடைகளில் வெட்டுத்துணி வாங்கி, அடுக்கடுக்காக அமுக்கித் திணியுங்கள். உங்கள் எடையில் பாதி இருந்தால் போதும். கையில் சுற்றிக்கொள்ளும் துணி 4.5 மீட்டர் நீளம் இருக்கட்டும். மணிக்கட்டில் மூன்று சுற்று, மொட்டியில் மூன்று சுற்று, விரல் இடுக்குகளில் ஒவ்வொன்று, மீதியை மறுபடி மணிக்கட்டுக்கே. வலி அடங்கும் வரை ஷேடோ (மூட்டை இல்லாமல் காற்றில் குத்துவது) மட்டும் செய்யுங்கள். ஒரு வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

மூச்சு வாங்குவது பெரும்பாலும் அதை அடக்குவதால் வருகிறது. ஒவ்வொரு குத்துக்கும் பல்லிடுக்கில் ‘ஸ்’ என்று கொஞ்சமாக விடுங்கள். நாலு குத்துக்கு நாலு ‘ஸ்’. முதல் குத்திலேயே முழு மூச்சையும் விட்டுவிட்டால் மூன்றாவதற்கு ஒன்றும் மிஞ்சாது. சித்திரை வெயிலில் காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள், ஒரு கிலோ குறைந்திருந்தால் அடுத்த சில மணி நேரத்தில் சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீர் உள்ளே போக வேண்டும்.

மூட்டை திருப்பி அடிக்காது என்பதால் அதில் பழகியவர்கள் கடைசிக் குத்து முடிந்ததும் கையைத் தொங்கவிட்டு எதிரிலேயே நிற்பார்கள். வீட்டில் யாராவது இருந்தால் ஒரு துண்டை முறுக்கிக் கையில் கொடுத்துப் பக்கத்தில் நிறுத்துங்கள். கடைசிக் குத்து முடிந்து கை கன்னத்துக்குத் திரும்பாவிட்டால், அல்லது ஒரு அடி விலகாமல் நின்றால், கன்னத்தில் ஒரு தட்டு தட்டட்டும்.