சேலம் சூனிய வழக்குகளை ஆர்தர் மில்லரும் ஹாத்தார்னும் எழுதியதில் என்ன வித்தியாசம்?

நம்ம ஊர் சேலம் இல்லை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் சேலம். 1692-இல் அங்கே சூனியக் குற்றம் சாட்டி 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். வாய் திறக்க மறுத்த கைல்ஸ் கோரி என்ற கிழவரை, மேலே கல் ஏற்றி நசுக்கியே கொன்றார்கள்.

மில்லரின் 'தி க்ரூசிபிள்' (1953) கும்பல் எப்படி உருவாகிறது என்பதைக் காட்டும் நாடகம். நீதிமன்றக் காட்சியைப் பாருங்கள்: பொய்யாகச் சூனியக் குற்றம் சாட்டிய பெண்களில் ஒருத்தியான மேரி வாரன் உண்மையைச் சொல்ல வருகிறாள்; அவள் என்ன பேசினாலும் மற்ற பெண்கள் அதையே ஒரே குரலில் திருப்பிச் சொல்கிறார்கள், உத்தரத்தில் பறவை உட்கார்ந்திருக்கிறது என்று அலறுகிறார்கள், கடைசியில் அவளே பயந்துபோய் அவர்கள் பக்கம் சேர்ந்துவிடுகிறாள். 1950-களில் அமெரிக்க செனட்டர் மெக்கார்த்தி காலத்தில், கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்டவர்களை வேட்டையாடியதை மனதில் வைத்து எழுதியது. ஆனால் அந்தப் பெண்களுக்குத் தலைவியான அபிகாயிலுக்கு நிஜத்தில் 11, 12 வயதுதான், நாடகத்தின் நாயகன் பிராக்டரோ அறுபதை ஒட்டியவர். அவர்களுக்குள் கள்ளக்காதல் என்பது மில்லரின் கற்பனை. என்னைக் கேட்டால், நாடகத்தின் பலவீனமே அதுதான், ஊரின் பழியை ஒரு பெண்ணின் பொறாமை மேல் போட்டுவிடுகிறது.

ஹாத்தார்னின் 'யங் குட்மேன் பிரவுன்' (1835) கதையில் விசாரணையே கிடையாது. ராத்திரி காட்டுக்குப் போகிறவன் ஊர்ப் பெரியவர்கள், பாதிரியார், தன் மனைவி வரை எல்லோரையும் சாத்தானின் கூட்டத்தில் பார்க்கிறான், அல்லது பார்த்ததாகக் கனவு காண்கிறான். அப்புறம் சாகும்வரை யாரையும் நம்பாமல் வாழ்கிறான். சேலம் வழக்குகளை விசாரித்த நீதிபதிகளில் ஒருவரான ஜான் ஹாத்தார்ன் இந்த எழுத்தாளரின் மூதாதை, அதனால்தானோ என்னவோ, குற்றம் சாட்டுகிறவன் தலைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறார்.

முதல்முறை படிப்பவர் என்றால் ஹாத்தார்னில் தொடங்குங்கள், ஒரே மூச்சில் முடித்துவிடலாம்.