அரசுக் கல்லூரியில் ஃபீஸே இல்லையே, அப்புறம் ஏன் பசங்க பாதியில் நிற்கிறார்கள்? ஆர்வம் இல்லையா?

ஆர்வம் இல்லையா என்று கேட்டுவிட்டீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். மாசம் பிறந்தால் சம்பளம் வருகிற வீட்டுப் பிள்ளை போலிருக்கிறது நீங்கள், தப்பாக எடுக்க வேண்டாம்.

அரசுக் கலைக் கல்லூரிகளில் இளநிலைக்குக் கற்பிப்புக் கட்டணம் 2007-லேயே போய்விட்டது, சரி. அங்கே இடம் கிடைக்க வேண்டுமே? 2013-ல் எனக்குக் கிடைக்கவில்லை. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் நிறையப் பேர் போவது உதவி பெறும் கல்லூரிகளுக்கு, அதிலும் இரண்டு வாசல். அரசு சம்பளம் கொடுக்கிற பிரிவில் ஃபீஸ் சொற்பம். சுயநிதிப் பிரிவில் வாத்தியார் சம்பளமே நாம் கட்டுகிற பணம்தான். ஒரே வளாகம், ஒரே பி.காம்., கொஞ்சம் மார்க் குறைந்ததால் நான் சுயநிதி. (ஒழுங்காகப் படித்திருக்கலாமே என்பீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள்.)

அப்பாவுக்குக் குலசேகரம் பக்கம் ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிற வேலை. ஜூன் மழையில் வெட்டு நடக்காது, ஃபீஸ் கேட்பதோ அதே ஜூனில். 2011-ல் கிலோ 200 ரூபாய்க்கு மேல் விற்ற ரப்பர் ஷீட் நான் முடித்த 2016-ல் நூறை ஒட்டி வந்துவிட்டது, கட்டுப்படியாகாது என்று முதலாளி பாதி மரத்தை வெட்டாமலே போட்டுவிட்டார். அம்மா ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்த பால்) சேர்த்து விற்றுத்தான் பரீட்சைக்குக் கட்டினேன்.

பக்கத்தில் இருந்தவன் குளச்சல்காரன். அவன் அப்பா விசைப்படகில் போகிறவர், ஜூன் ஜூலையில் மீன்பிடித் தடைக்காலம். இரண்டாம் வருஷம் ஃபீஸைக் கட்டிவிட்டு வகுப்புக்கு வா என்றார்கள். “ஆகஸ்ட்ல படகு இறங்கும் மக்கா, கெட்டிருவேன்” என்றான். படகு இறங்கியது, அப்பாவோடு அவனும் ஏறிப் போய்விட்டான். எனக்கு அக்கவுண்ட்ஸ் சொல்லித்தந்தவனே அவன்தான். ஆர்வமாம்!

குடும்பத்தில் முதலில் பட்டம் படிக்கிறவருக்கு முதல் பட்டதாரி ஃபீஸ் சலுகை இருந்ததே என்று யாராவது வருவார்கள். அது இன்ஜினியரிங் மாதிரி தொழிற்படிப்புக்கு, பி.காமுக்குக் கிடையாது. இப்போது அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு 2022-லிருந்து புதுமைப் பெண், 2024-லிருந்து தமிழ்ப் புதல்வன் என்று மாசம் 1000 ரூபாய் வருகிறது. இலவசம் என்று கிண்டலடிப்பவர்கள் அடிக்கட்டும், மழை மாசத்திலும் வருகிற பணம் அது ஒன்றுதான். என் அக்கா மகள் அதை வைத்துத்தான் ஓட்டுகிறாள்.

பெண்களுக்கு டவுன் பஸ்ஸும் இலவசம்தான், நிறுத்தினால்தானே? பிள்ளைகள் கூட்டமாக நின்றால் ஸ்டாப்பைத் தாண்டி ஐம்பதடி தள்ளி நிறுத்துவது என் காலத்திலேயே உண்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அப்படி ஓடி நான் அறுத்த செருப்புக்கே தனியாக ஒரு ஸ்காலர்ஷிப் தரலாம்.